தண்ணீர் எடுக்கப் போனவன்

மைக்கைக் கையில் வாங்கியபோது அது சூடாக இருந்தது. எனக்கு முன்னால் சாட்சி சொன்ன அம்மாள் கால் மணி நேரம் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். மகளுக்கு ஆண்டவர் நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்த கதை.

தூத்துக்குடியில் எங்கள் ஆலயத்தில் அன்று அசனப் பண்டிகை. சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். பின்பக்கக் கொட்டகையில் ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முன்வரிசைப் பெரியவர்களைக்கூட நெளிய வைத்துக்கொண்டிருந்தது. நான் ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உதட்டு வெடிப்பு ஆறவில்லை. உடம்பில் பொருந்தாத பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். ஐயர் என் தோளில் கை வைத்து, “கார்ட்டூம் பட்டணத்துல, குண்டு மழைக்கு நடுவுல இருந்து ஆண்டவர் பத்திரமா கொண்டாந்து சேத்த நம்ம சகோதரர் இப்ப சாட்சி சொல்லுவாங்க” என்றார்.

நான் நன்றாகவே பேசினேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்தது. “ஒன்பது நாள் குழாய்ல ஒரு சொட்டுத் தண்ணி வரல. ஆனா ஒரு நாளும் நாங்க தாகத்தோட படுக்கல. கர்த்தர் ஒரு தூதனை அனுப்பினார். அந்தத் தூதன் எங்க வாசல்ல தண்ணி கொண்டாந்து வச்சான்” என்றேன்.

பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. என் மனைவி கிரேஸ் விசும்பியது எனக்கே கேட்டது. அப்போதுதான் கடைசி பெஞ்சில் சேவியர் எழுந்திருப்பதைப் பார்த்தேன்.

சேவியர் கார்ட்டூமில் நான்கு வருடம் என் அறையில் இருந்தவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். திரேஸ்புரத்துக் கத்தோலிக்கன். எங்கள் ஆலயத்துக்கு அவன் வர வேண்டிய தேவையே இல்லை, கிரேஸ்தான் அசனத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று அழைத்திருந்தாள். அவன் பெஞ்சைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அசனத்துக்கு வந்த ஒருவன் இலையில் கை வைக்காமல் போனால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். பந்தியில் கிரேஸ் என் பக்கம் குனிந்து, “சேவியர் தம்பி சாப்பிடாமலே போயிட்டாங்களே, என்ன விசயம்?” என்று கேட்டாள். வயிறு சரியில்லையாம் என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரின் சென்ற பகுதியைப் படித்துவிட்டுச் சாத்தான்குளத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். “போர் நடந்த ஒன்பது நாளை ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். பேருந்துப் பயணத்துக்கு மட்டும் நான்கு பக்கம். குழாயில் தண்ணீர் இல்லை என்றால், யார் கொண்டுவந்தார்கள்?” என்று கேட்டிருக்கிறார். ஆசிரியைகளிடம் இதுதான் தொல்லை. விடைத்தாளில் எதை எழுதாமல் விட்டோமோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வரிசை டாக்டர்

எங்கள் பக்கத்துச் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. மஞ்சள்காமாலை வந்தது, எல்லோரும் கைவிட்டார்கள், முழங்காலில் நின்றோம், சுகம் கிடைத்தது. அவ்வளவுதான். காமாலைக்கு மருந்து கொடுத்த டாக்டர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் வராது. அவரும் எதிர்பார்க்க மாட்டார். மனிதர் பெயரைச் சொன்னால் ஆண்டவருக்குப் போக வேண்டிய மகிமையில் குறைந்துவிடும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

குறை சொல்லவில்லை. அந்த டாக்டருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆளுக்கு ஆள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் என்னைப் போன்றவனுக்கு அந்த முறை மிகவும் வசதியாகிவிட்டது. பெயர் சொல்லாமல் இருப்பது பக்தி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெனரேட்டர் என்றுதான் நினைத்தேன்

கார்ட்டூமுக்கு நான் போனது ஒரு மாவு மில்லில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலைக்கு. அதற்கு முன் முத்தையாபுரம் பக்கம் ஆலைகளில் இருபது வருடம் டீசல் கறையோடு வாழ்ந்தவன். நகரத்தின் வடபகுதியில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், தொழிற்சாலைகள் நிறைந்த இடத்தில் மில். அடுத்த தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எங்களுக்காக எடுத்திருந்தார்கள். இந்தியர்கள் பதினோரு பேர். தமிழ் பேச சேவியரும் நானும்தான்.

அந்த நாட்டில் படை இரண்டு. ஒன்று ராணுவம். இன்னொன்று, ராணுவத்துக்குத் துணையாக வளர்ந்து ராணுவத்துக்கே ஈடாகிவிட்ட துணைப்படை. இரண்டின் தலைவர்களும் சேர்ந்துதான் ஆட்சியைப் பிடித்தார்கள். அருகருகே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு யார் யாருக்குக் கீழே என்ற பேச்சு வந்தது. நம் ஊரில் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி சண்டை போட்டால் நடுவில் வீடு இரண்டாகும். அங்கே நடுவில் இருந்தது தலைநகரம்.

நோன்பு மாதத்தின் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை காலை. முதலில் கேட்ட சத்தத்துக்கு நான் என் ஜெனரேட்டரைத்தான் திட்டினேன். எரிபொருளில் தண்ணீர் கலந்துவிட்டது, புகைக்குழாயில் வெடிக்கிறது என்று நினைத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். கீழே எங்கள் கட்டடக் காவலாளி இத்ரீஸ் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். சிரிக்கவில்லை. மேலே போ என்று கையைக் காட்டினான்.

மதியத்துக்குள் மின்சாரம் போனது. மறுநாள் தண்ணீர் நின்றது. எங்கள் தெருவின் கிழக்கு முனையில் ஒரு படை, மேற்கு முனையில் இன்னொரு படை. இரண்டு பக்கமும் லாரியைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழி, ஒரே நோன்பு. யார் கடந்தாலும் இரு முனையிலும் ஒரே கேள்விதான், நீ எந்தப் பக்கத்து ஆள் என்று. இந்தியர்கள் நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. இத்ரீஸ் அந்த நாட்டுக்காரன் என்பதால் அவனிடம் மட்டும் அந்தப் பதிலை யாரும் நம்பத் தயாராக இல்லை.

இத்ரீஸ்

நாற்பது வயது இருக்கும். நெட்டையான ஆள். கதவுக்கு அருகில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு அங்கேயே இருப்பான். மனைவியும் இரண்டு பெண்களும் வடக்கே அத்பரா என்ற ஊரில். சேவியர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டான். மில் முழுக்க அந்தப் பெயரைப் பரப்பியும் விட்டான். கணக்குப் பிரிவில்கூட நான் அண்ணாச்சிதான்.

தண்ணீர் நின்ற அன்றே அவன் மில்லிலிருந்து ஒரு தள்ளுவண்டியும், சமையல் எண்ணெய் வந்த இரண்டு மஞ்சள் கேன்களும் கொண்டுவந்தான். ஆறு மேற்கே, நடக்கிற தூரம்தான். ஆனால் நடுவில் மறிப்பு. போக ஒரு விசாரணை, வர ஒரு விசாரணை. தினமும் காலையில் துப்பாக்கிச் சத்தம் கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்துப் போவான்.

அவன் நோன்பில் இருந்தான் என்பதை இங்கே எழுத வேண்டும். அந்த வெயிலில், எச்சில் விழுங்கவும் யோசிக்கிற ஒருவன், எங்கள் பதினோரு பேருக்குக் குடிக்கவும் கழுவவும் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தான். நாங்கள் அதைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அவன் எதிரிலேயே மடமடவென்று குடித்தோம்.

நான்காம் நாள் ஒரு கேனோடு மட்டும் வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இன்னொரு கேன் எங்கே என்று யாரோ இந்தியில் கேட்டார்கள். அவன் முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சேவியர்தான் துணியை நனைத்து அவன் கன்னத்தில் வைத்தான். மறுநாள் எங்கிருந்தோ இன்னொரு கேன் பிடித்து, மறுபடியும் போனான்.

பெருநாள் அன்று எங்களிடம் சேமியா இருந்தது. பால்பவுடரில் பாயசம் வைத்தோம். இத்ரீஸ் மாடிக்கு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து குடித்தான். அன்றுதான் அவன் எங்களிடம் முதலும் கடைசியுமாக ஒன்று கேட்டான். எங்களுக்குள் பேச்சு உடைந்த அரபும் உடைந்த ஆங்கிலமும்தான். ஆனால் இந்தக் கேள்வியை அவன் நிறுத்தி நிதானமாகக் கேட்டான். உங்களை அழைத்துப் போக பஸ் வந்தால், துறைமுகத்துக்கு அத்பரா வழியாகத்தானே போகும்? என்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா? வீட்டு வாசலில் எல்லாம் விட வேண்டாம். சாலையில் இறக்கிவிட்டால் போதும்.

“கட்டாயம்” என்றேன். அவன் தோளில் கையும் வைத்தேன். “நீ இல்லாமல் பஸ் புறப்படாது” என்றேன். அது நான் சேர்த்துக்கொண்ட அலங்காரம். யாரும் கேட்காமல் கொடுத்த வாக்கு.

இரண்டு நாள் கழித்து மில்லின் பழைய லாரி ஒன்று தொழிலாளர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பியது. அதில் இத்ரீஸுக்கு இடம் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி. அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். “எனக்கு அண்ணாச்சி பஸ் இருக்கிறது” என்று லாரிக்காரரிடம் சொன்னானாம். சேவியர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

அப்பாவின் தபால் கார்டு

கொஞ்சம் நான் வளர்ந்த நாசரேத் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதுவும் அதே கதைதான்.

என் அப்பா நாசரேத்தில் தலைமையாசிரியர். மரியாதையான மனிதர். அவருக்கு ஒரே ஒரு குறை, முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கித் தரச் சொல்லி உறவுக்காரர்கள் வருவார்கள். முடியாது என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார். “நீரு போயி தபாலாபீஸ்ல ஒரு கார்டு வாங்கிட்டு வாரும். நான் அதுக்குள்ள சட்டையப் போட்டுட்டுக் கெளம்பி நிக்கேன். ரெண்டு பேருமா மேனேஜரப் பாத்துருவோம்” என்பார்.

வந்தவர் மகிழ்ச்சியோடு தபால் ஆபீசுக்குப் போவார். அப்பா பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பாள். கார்டோடு திரும்பியவர் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நாங்கள் பிள்ளைகள் வேலி இடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் குடும்பத்தில் இது பல வருடம் வேடிக்கைக் கதை. கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்போம். “பெரியப்பா கார்டு வாங்க அனுப்பிட்டாரு” என்றால் இந்த வட்டாரத்து எங்கள் உறவுக்காரர்களுக்கு உடனே புரியும். யாருடைய மனதையும் நோகடிக்காத மனிதர் என்றுதான் அப்பாவைப் பற்றிக் கல்லறைத் தோட்டத்தில் பேசினார்கள். கார்டு வாங்கி வந்தவர்கள் யாரும் அங்கே பேசவில்லை.

பத்தாம் நாள் காலை

பஸ் வந்தேவிட்டது. ஜன்னல்களில் காகிதத்தில் அச்சடித்த இந்தியக் கொடி. இந்தியர்களை ஒவ்வொரு கட்டடமாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டியலோடு இறங்கியவர் குஜராத்துக்காரர். அந்த ஊரில் பல வருடம் வியாபாரம் செய்தவர். கண் சிவந்து, தூங்கி எத்தனை நாளோ.

இத்ரீஸைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பட்டியலில் பெயர் இல்லாத யாரும் கூடாது. அதுவும் இந்த நாட்டு ஆண் கூடவே கூடாது. ஒரு முனையில் இவன் அவர்கள் ஆள் என்பார்கள், அடுத்த முனையில் இவர்கள் ஆள் என்பார்கள், பஸ்ஸில் இருக்கிற நாற்பது பேரையும் இறக்கி நிறுத்துவார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. இன்றும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். “நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம்” என்றார்.

சேவியர் பக்கத்தில் இருந்தான். “நான் சொல்லுதேன் அண்ணாச்சி. நேராச் சொல்லிருவோம். கோவப்பட்டாலும் படட்டும். இன்னும் வெயில் ஏறல, வடக்க போற வண்டி எதையாவது பிடிச்சிருவான்” என்றான்.

“நீ பெட்டிய ஏத்து. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

வாசலில் இத்ரீஸ் பயணத்துக்குத் தயாராக நின்றான். வெள்ளை அங்கியைத் துவைத்து உலர்த்திப் போட்டிருந்தான். காலடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

நான் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு. “பாலைவனத்தில் ஒரு நாள் முழுக்கப் பயணம். வழிக்குத் தண்ணீர் போதாது. இரண்டு கேன் எடுத்து வந்துவிடு, உனக்காக நிற்கிறோம்” என்றேன்.

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துவைத்த அங்கி நனைந்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றி, மடித்து, பையின் மேல் வைத்து, இரண்டையும் கட்டிலின் மேல் வைத்தான். பழைய பனியனோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மேற்கே போனான். அந்த வண்டியின் ஒரு சக்கரம் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடும். எண்ணெய் போட வேண்டும் என்று நான் ஒன்பது நாளும் நினைத்தேன், போடவில்லை.

சத்தம் தேய்ந்ததும் குஜராத்துக்காரரிடம் போய், புறப்படலாம் என்றேன்.

பஸ் கிழக்கே திரும்பியது. ஜன்னல் சீட்டில் இருந்த நான், மேற்கே திரும்பிப் பார்க்காமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. “இத்ரீஸ் எங்க?” என்றான் சேவியர். “கேட்டேன். வரலைன்னுட்டான்” என்றேன். அதே நேரம் அவன் ஜன்னல் வழியாக எங்கள் கட்டட வாசலைப் பார்த்துவிட்டான். கட்டிலின் மேல் பை, பையின் மேல் மடித்த அங்கி. தள்ளுவண்டியைக் காணவில்லை. கேன்களையும் காணவில்லை. அவனுக்குச் சொல்லித்தர ஒன்றும் மீதமில்லை.

எழுந்து டிரைவர் பக்கம் ஓடினான். நிறுத்தச் சொல்லிக் கத்தினான். அதற்குள் கிழக்கு முனையின் மறிப்பைத் தாண்டிவிட்டோம். திரும்ப முடியாது என்றார்கள். இரண்டு பேர் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அத்பராவில் பஸ் தேநீருக்கு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இவையெல்லாம் சென்ற பகுதியில் நான் எழுதிய அந்த நான்கு பக்கத்தில் கிடையாது. பாலைவனத்துச் சூரிய உதயம் இருந்தது.

திரேஸ்புரத்தில்

அசனத்துக்கு அடுத்த நாள் சேவியரைத் தேடிப் போனேன். கடற்கரையில் சிலுவை நட்ட குருசடிக்கு எதிரில் அவன் அண்ணனின் படகு கரையேறியிருந்தது. அவர் சங்கு குளிக்கிறவர். இப்போது மூச்சடக்கி முங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து ஒரு குழாய், குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே போவார்கள். சேவியர் அந்தக் கம்ப்ரசரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஈரச் சங்கின் நாற்றம்.

“தூதன்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி” என்றான்.

நான் படகின் ஓரம் மணலில் உட்கார்ந்தேன்.

“தூதனுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாது. பஸ்ல சீட்டும் வேண்டாம். பறந்து போயிருவான். நல்ல ஏற்பாடு.”

“ஏலே, சபையில அப்படித்தான் சொல்லணும். ஒனக்குத் தெரியாது” என்றேன். எத்தனை பலவீனமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது.

அவன் குழாயை எடுத்துத் தட்டினான். “மேல படகுல நிக்கவன் கம்ப்ரசர அமத்திட்டுக் கரைக்குப் போயிட்டான்னு வைங்க. கீழ கெடக்கவனுக்கு என்ன தெரியும்? மிசின் பழுதுன்னுதான் நெனப்பான். மேல இருக்கவன சந்தேகப்படவே மாட்டான். எங்க அண்ணன் சொல்லுவாரு, அந்த நம்பிக்கைலதான் முங்குதோம்னு.”

தினமும் காலையில் இத்ரீஸின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புவதாகச் சொன்னான். போன் அணைந்தே கிடக்கிறது. எங்கள் தெரு இப்போது எந்தப் படையின் கையில் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் இவர்கள், ஒரு வாரம் அவர்கள். நம் செய்தித்தாள்களில் அந்தத் தலைநகரம் அதற்குள் உள்பக்கத்துக்குப் போய், பிறகு காணாமலும் போய்விட்டது.

“அவன் வீட்டுக்காச்சும் சொல்லணும்லா” என்றேன்.

“என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு, கம்ப்ரசருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

குரல்

ஒரு வருடத்துக்கும் மேலாக ஒன்றும் இல்லை. நான் முத்தையாபுரத்தில் ஒரு ஆலையில் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தத் தொடரை எழுதக் கேட்டார்கள். நாலு பேர் பாராட்டினார்கள். அந்தச் சாட்சியைக் கேட்ட இன்னொரு சபையார்கூட வந்து பேசச் சொல்லி அழைத்தார்கள். போனேன். இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு முற்பகல், ஆலையில் இருக்கும்போது சேவியரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அவன் குரல் இல்லை. அரபு. முதல் வார்த்தையிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இத்ரீஸ் உயிரோடு இருந்தான். அத்பராவில், வீட்டில் இருந்தான். அன்று என்ன நடந்தது என்று அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போனான். ஆற்றங்கரையில் கூட்டமாம். தண்ணீர் மொண்டு திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டதாம். வந்து பார்த்தால் பஸ் இல்லை. அன்று மாலையே துப்பாக்கிக்காரர்கள் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். இத்தனை அறைக்கும் சாவி வைத்துக்கொண்டு தனியாக ஒருவன் இருக்கிறானே, எதிர்ப்பக்கத்து ஒற்றனாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பின்வாங்கியபோது வந்த மறுபக்கத்தார், இவர்களோடு ஐந்து மாதம் இருந்தவன் என்று மறுபடி பிடித்தார்கள். இப்போது இடது கால் சரியாக ஊன்ற முடியவில்லை. கடவுள் புண்ணியத்தில் பெண்கள் இருவரும் நலம்.

இதையெல்லாம் வானிலை சொல்வது மாதிரிச் சொன்னான். பிறகுதான் குரல் தயங்கியது. தப்பு என்னுடையது என்றான். எனக்காக எவ்வளவு நேரம் நின்றீர்களோ, அந்த இடத்தில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதற்கு மேல் நிற்க முடியாது, எனக்குப் புரிகிறது என்றான். தண்ணீரில்லாமல் பாலைவனத்தில் நீங்கள் என்ன பாடுபட்டீர்களோ என்று சிறையில் நினைத்துக்கொள்வேன். அண்ணாச்சியிடம் சொல், இத்ரீஸ் தாமதமாகிவிட்டான், மன்னித்துக்கொள்ளச் சொல்.

அதன் கீழே இத்ரீஸின் எண்ணும், சேவியரின் ஒரே ஒரு வரியும். “நீங்களே பதில் சொல்லுங்க அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லல.”

ஆலைச் சுவரோரம் நின்று பதிலைப் பதிவு செய்தேன். முதல் முறை உண்மையைச் சொன்னேன். அரபில் அதற்கு எனக்கு வார்த்தை போதும். கேட்டுப் பார்த்தேன். அழித்தேன். இரண்டாம் முறையும் சொன்னேன், பாதியில் நிறுத்தி அழித்தேன். அவன் மனசு உடைந்துவிடும், இத்தனை பட்டவனுக்கு இதுவும் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் யாருடைய மனதையும் நோகடிக்க மாட்டோம்.

இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆசிரியை அம்மா படிப்பார், சபையார் படிப்பார்கள், கிரேஸ் படித்துவிட்டு என்ன கேட்பாளோ தெரியாது. இத்ரீஸால் மட்டும் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் முறை பதிவு செய்ததை அழிக்கவில்லை.

“பரவாயில்லை இத்ரீஸ்” என்று அனுப்பினேன். “உனக்காக ஒரு மணி நேரம் நின்றோம்.”

உடனே பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தான்.